கைகளைப் படமெடுத்தவன்

துர்தியைக் கெட்டவன் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். நல்லவன் என்று சொன்னால் இன்னும் அதிகமாக வரும். எங்கள் தால்பாக் மாவட்டப் பத்திரிகையில் அவன் படம் எடுப்பான், நான் அச்சுக் கோப்பேன். வீடும் ஒரே தெருவில்தான். வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் என்னுடையது, அந்தப் பக்கம் அவனுடையது. ஆகவே அவனைப் பற்றிப் பேச என்னைவிட்டால் ஆள் இல்லை. மற்றவர்கள் பேசுவதெல்லாம் டீக்கடைப் பேச்சு.

அவனுக்கு முன்னால் பிறந்த மூன்று குழந்தைகளும் தங்கவில்லை. நாலாவதாக இவன் பிறந்ததும் 'தங்கிவிட்டான்' என்று பொருள் வரும்படி துர்தி என்று பெயர் வைத்தார் அவன் அம்மா மஸ்தூரா. புருஷன் போரிலிருந்து திரும்பி வந்த சில வருஷத்திலேயே நெஞ்சில் பட்ட காயத்தால் போய்விட்டார். மஸ்தூரா அம்மா ஊருக்குக் கபன் துணி தைத்துக்கொடுத்து இவனை வளர்த்தார். இறந்தவர்க்கு உடுத்தும் அந்த வெள்ளைத் துணியை முடிச்சுப் போடாமல் தைக்க வேண்டும். சோவியத் அரசாங்கம் எவ்வளவோ விஷயங்களைத் தடை செய்தது, சாவதைத் தடை செய்ய முடியவில்லை. அதனால் கட்சிக்காரன் வீடு, தொழுகிறவன் வீடு என்ற வித்தியாசம் இல்லாமல் எல்லா வீட்டிலிருந்தும் அந்த அம்மாவைத் தேடி வந்தார்கள். எங்கள் தெருவில் அவர் தைத்த துணியில் போகாத மையத்து கிடையாது.

துர்தி கலகலப்பானவன். கல்யாண வீட்டில் மாப்பிள்ளை முறைத்துக்கொண்டு நின்றால், "என்னண்ணே, பருத்திக் கணக்கு குறைஞ்சிடுச்சா?" என்பான். மாப்பிள்ளை சிரித்ததும் படத்தை எடுத்துவிடுவான். கைக்குழந்தைகளைச் சிரிக்க வைக்க வாயாலேயே சிட்டுக்குருவி மாதிரிக் கத்துவான். பத்திரிகைக்கு டிராக்டர், பால் கறக்கும் பெண், மெடல் வாங்கிய கிழவர் என்று எடுத்துத் தள்ளுவான். கட்சி அட்டையும் வைத்திருந்தான். ஏன் வாங்கினாய் என்று ஒருமுறை கேட்டேன்.

"காமிராவுக்குப் புது லென்சு வேணும்னா அட்டை வேணும்டா. உனக்கு எழுத்து கோக்க அட்டை எதுக்கு?" என்றான்.

அந்த லென்சு தூரத்தில் இருப்பதையும் பக்கத்தில் காட்டும். அதுதான் வினையாகிப்போனது.

யூனியன் உடைவதற்கு ஐந்தாறு வருஷம் முன்பு தாஷ்கண்டிலிருந்து உத்தரவு வந்தது. எங்கள் பள்ளத்தாக்கு முழுக்க மதப் பழக்கங்கள் ஒழியவில்லை, கட்சிக்காரர்களே மறைவாகத் தொழுகிறார்கள், கடுமையாக நடவடிக்கை எடு என்று. உடனே நகரத்திலிருந்து சொற்பொழிவாளர்கள் வர ஆரம்பித்தார்கள். டீக்கடையில் நாற்காலி போட்டு, விண்வெளிக்குப் போனவர்கள் அங்கே கடவுளைப் பார்க்கவில்லை என்று விளக்கினார்கள். முன்வரிசையில் இருந்த கிழவர் ஒருவர், "பாவம், அவங்க தப்பான இடத்துல தேடியிருக்காங்க. ஒரு நாள் நம்ம பருத்திக் காட்டுல குனிஞ்சு நின்னிருந்தா அவங்களே வாய்விட்டுக் கூப்பிட்டிருப்பாங்க" என்றார். சொற்பொழிவாளரும் சிரித்துவிட்டார். அப்படியே சிரிப்போடு போயிருந்தால் யாருக்கும் நஷ்டம் இல்லை.

ஆனால் கருத்துப் பிரசாரத்துக்கென்று எங்கள் மாவட்டத்தில் ஒரு செயலாளர் இருந்தார், ஹைதரோவ். சிரித்து நான் பார்த்ததில்லை. நாலாம் பக்கத்தில் 'பழமையின் பிடியில்' என்று வாரம் ஒரு பத்தி வர வேண்டும் என்று எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார். பக்கம் அமைப்பது நான் என்பதால் நானும் போயிருந்தேன்.

"தோழர் துர்தி, சாவு வீட்டுக்குப் போறதை நாங்க தடுக்கல. நாங்களும் மனுஷங்கதான். கட்சிக்காரன் போகட்டும், ஓரமா நிக்கட்டும், வரட்டும். ஆனா அடக்கம் முடிஞ்சதும் துஆ கேப்பாங்க இல்லையா, அப்ப எவன் கை ஏந்தறான்? எனக்கு அது வேணும்."

"முகம் தெரியற மாதிரி எடுக்கணுமா?" என்று துர்தி கேட்டான்.

"முகம் சோகமா இருக்கலாம், அதுல குத்தம் இல்ல. கை வேணும். கையும் முகமும் ஒரே படத்துல வேணும்."

வெளியே வந்ததும் நான் துர்தியைத் திட்டினேன். உடம்பு சரியில்லை என்று சொல்லு, லென்சு உடைந்துவிட்டது என்று சொல்லு என்றேன். அவன் தோளைக் குலுக்கினான்.

"எழுதறது வேற ஆளு. நான் என்ன இல்லாததையா எடுக்கறேன்? இருக்கறதைத்தானே எடுக்கறேன்."

இந்த வாக்கியத்தை அவன் அன்றைக்குச் சொன்ன மாதிரியே இப்போதும் என் காதில் கேட்கிறது. எத்தனையோ ஆட்கள் எத்தனையோ ஊர்களில் இதையேதான் சொல்லியிருப்பார்கள்.

முதலில் வந்தது பள்ளித் தலைமையாசிரியர் மஹ்கம் அவர்களின் அப்பா அடக்கம். எனக்கும் துர்திக்கும் எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர் மஹ்கம். கபர்ஸ்தான் மதிற்சுவர்மேல் துர்தி ஏறி உட்கார்ந்திருந்தான். யாரும் அவனைச் சந்தேகப்படவில்லை. கல்யாணத்துக்கு வருகிறவன், சாவுக்கும் வந்திருக்கிறான், அவ்வளவுதான். மண் தள்ளி முடிந்து மொல்லா ஓத ஆரம்பித்தார். மஹ்கம் கட்சிக்காரர், கூட்டத்தை விட்டு ஓரமாகத்தான் நின்றார். கடைசி துஆவில் என்ன நினைத்தாரோ, இரண்டு கையையும் ஏந்திவிட்டார். அப்பா ஆயிற்றே. திரும்பிப் போகும்போது சுவரடியில் நின்று துர்தியை அண்ணாந்து பார்த்துச் சொன்னார்: "நல்லா எடுத்தியா தம்பி? எனக்கொரு காப்பி போட்டுக் குடு. அப்பாவோட கடைசி நாள் படம்."

துர்தி தலையை ஆட்டினான்.

வியாழக்கிழமை பத்திரிகை வந்தது. மஹ்கம் அவர்களின் கையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டிருந்தார்கள். 'குழந்தைகளுக்கு விஞ்ஞானம் சொல்லிக்கொடுக்கும் கைகள்' என்று கீழே எழுத்து. கூட்டம் போட்டு அட்டையைப் பிடுங்கினார்கள், பள்ளியிலிருந்து எடுத்துப் பருத்தி எடைபோடும் இடத்தில் நிறுத்தினார்கள். தான் பாடம் சொல்லிக்கொடுத்த பிள்ளைகள் கோணியைத் தூக்கிக்கொண்டு வந்து தராசில் வைப்பதை அந்த இலையுதிர் காலம் முழுவதும் அவர் பார்த்துக்கொண்டு நின்றார். பனி விழ ஆரம்பித்தபோது ஒரு மத்தியானம் தராசுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை.

அவர் அடக்கத்துக்கும் துர்தியை அனுப்பினார் ஹைதரோவ். துர்தி சுவர்மேல் ஏறினான். காமிராவைக் கண்ணில் வைத்தான், அமுக்கினான், அமுக்கிக்கொண்டே இருந்தான். உள்ளே பிலிம் இல்லை. அது எனக்குத் தெரியும், காலையில் என்னிடம் திறந்து காட்டிவிட்டுத்தான் போனான். ஊருக்கு எப்படித் தெரியும்? மொல்லா துஆவுக்குக் கை உயர்த்தினார். கூட்டத்தில் ஒரு கைகூட மேலே வரவில்லை. எங்கள் ஊர்க் குளிர் அங்கிக்குக் கை நீளம். அத்தனை பேரும் விரல் நுனிகூடத் தெரியாமல் கைகளை அங்கிக்குள் இழுத்துக்கொண்டு நின்றார்கள். ஆமீன் சொல்லவும் யாரும் இல்லை. ஊருக்கே எழுத்தறிவித்த மனுஷன் ஓர் ஆமீன் இல்லாமல் போனார்.

நாற்பதாம் நாள் கழிந்து அவர் மனைவி துர்தியின் ஸ்டுடியோவுக்கு வந்தார். நான் அங்கே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். சண்டை போடப்போகிறார் என்று நினைத்து எழுந்தேன்.

"அந்தப் படம் இருக்கில்ல, பேப்பர்ல வந்தது. அதைப் பெருசா போட்டுக் குடு" என்றார்.

துர்தி அலமாரியைத் திறந்தான். "வேற நல்ல படம் இருக்குக்கா. ஆசிரியர் தினத்துல எடுத்தது. மெடல் போட்டுக்கிட்டு..."

"அது வேணாம். இதுல அவர் முகம் அமைதியா இருக்கு. அவருக்காக யாரும் கை ஏந்தல. அவர் கையாவது வீட்டுல இருக்கட்டும்."

அன்றைக்கே போட்டுக் கொடுத்தான். இருட்டறையில் நானும் பக்கத்தில் நின்றேன். சிவப்பு விளக்கில், தட்டில் மிதக்கும் காகிதத்தில் முதலில் கறுப்பு அங்கி தெரிந்தது, பிறகு தொப்பி, மரம், சுவர். கைகள் மட்டும் கடைசிவரை வெள்ளையாகவே கிடந்தன. துர்தி இடுக்கியால் காகிதத்தை அசைத்து அசைத்துப் பார்த்தான். பிறகு ரேகைகள் வந்தன.

அதற்குப் பிறகுதான் அவனுக்கு அது ஆரம்பித்தது. கல்யாணப் படம் கழுவும்போது மணப்பெண்ணுக்குப் பின்னால் இரண்டு வெள்ளைக் கைகள் தெரிகின்றன என்பான். டிராக்டர் படத்தில் சக்கரத்துக்கு மேலே என்பான். என்னை இழுத்துக்கொண்டுபோய்க் காட்டுவான். எனக்கு ஒன்றும் தெரியாது. "மருந்து பழசாயிடுச்சுடா, புதுசு கலக்கு" என்பேன். புதிதாகக் கலப்பான். மறுபடியும் கதவைத் திறந்துகொண்டு வேர்த்துப்போய் வெளியே வருவான். குழந்தைகளைச் சிரிக்க வைக்கும் குருவிச் சத்தத்தை விட்டுவிட்டான். சந்தையில் யாராவது முலாம்பழத்தைத் தூக்கிப் பார்த்தால்கூட அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நிற்பான். நான் பயந்தவன் இல்லை, ஆனால் அந்த வருஷம் அவனோடு இருட்டறைக்குள் போவதை நிறுத்திவிட்டேன்.

சாவுக்குப் போக மாட்டேன் என்று ஹைதரோவிடம் சொல்லிப் பார்த்தான். "யாருக்காக மாட்டேங்கறீங்க? உங்க பேரையும் எழுதிக்கட்டுமா?" என்றார் அவர். துர்தி திரும்பவும் போனான். தைரியம் என்பது கடையில் விற்கும் சாமான் இல்லையே. கால்நடை மருத்துவர் தோலிப்பும் அவன் படத்தில் மாட்டினார், தங்கையின் கபருக்குப் பக்கத்தில் கை ஏந்தி. தோலிப் முரட்டு மனுஷர். மாட்டுக்குள் தோள்வரை கையை விட்டுக் கன்றை வெளியே எடுக்கிறவர். அட்டையும் வேலையும் போன பிறகு பத்து மைல் தள்ளி ஆட்டு மந்தைக்குக் காவலாகப் போனார். பிறகு துர்தி வேண்டுமென்றே கலங்கலாக எடுக்க ஆரம்பித்தான். அது போதவில்லை. படம் வந்தாலும் வராவிட்டாலும், அவன் தலை சுவருக்கு மேலே தெரிந்தால் கைகள் அங்கிக்குள் போய்விடும்.

மஸ்தூரா அம்மா மகனை ஒரு வார்த்தை திட்டியதில்லை. ஆனால் அவன் காமிராவை எடுத்தால் அந்த அறையிலிருந்து எழுந்து போய்விடுவார். பட்டுப்புழு வளர்க்கும் பருவத்தில் அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. புழுக்கள் முசுக்கொட்டை இலையைத் தின்னும் சத்தம் வீடு முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. தயிர் கொண்டுபோன என்னை உட்காரச் சொன்னார். துர்தி காலடியில் உட்கார்ந்திருந்தான்.

"எனக்குக் கபன் நானே தச்சு வெச்சுட்டேன். பெட்டியில இருக்கு" என்றார்.

"இப்ப எதுக்கும்மா அந்தப் பேச்சு" என்றான் துர்தி.

"தூக்க ஆள் வருவாங்க. ஊர்ல எல்லார் வீட்டுக்கும் தச்சுக் குடுத்திருக்கேன், உனக்காக வரலன்னாலும் எனக்காக வருவாங்க. ஆனா மஹ்கம் வாத்தியாரைப் போல போக எனக்குப் பயமா இருக்குடா துர்தி. அத்தனை பேர் நின்னு ஒருத்தர் கையும் மேல வராம. எனக்கு வேற ஒண்ணும் வேணாம். எல்லாரும் கை ஏந்தணும். ஏந்துவாங்களா?"

துர்தி அம்மாவின் பாதத்தைப் பிடித்துக்கொண்டான். "ஏந்துவாங்கம்மா" என்றான்.

அந்த அம்மா என்னைப் பார்த்தார். நானும் ஆமாம் என்று தலையை ஆட்டினேன். என்ன செய்ய?

நாலைந்து நாளில் போய்விட்டார். விடிந்தபோது துர்தி எங்கள் வழக்கப்படி அங்கியை உடுத்தி, இடுப்பில் துண்டைக் கட்டி, கோலை ஊன்றிக்கொண்டு வாசலில் நின்று அழுதான். பிறகு செய்தான் பாருங்கள் ஒரு காரியம், எங்கள் ஊரில் வேறு எவனுக்கும் தோன்றியிருக்காது. காமிராவைக் கொண்டுவந்து வாசல் முசுக்கொட்டை மரத்தில் தொங்கவிட்டான். பின்பக்கம் திறந்து, உள்ளே ஒன்றும் இல்லை என்று தெரியும்படி. பிலிமையும் வெளியே உருவிப் பக்கத்துக் கிளையில் போட்டான். இன்றைக்கு நான் படம் எடுக்கவில்லை, பயப்படாமல் வாருங்கள் என்று ஊருக்குச் சொல்கிறானாம்.

நான் வாய்க்காலைத் தாண்டி வருவதற்குள் தெருமுனைவரை வந்த இரண்டு கூட்டம் திரும்பிப் போய்விட்டது. முனையிலிருந்து பார்த்தால் காமிரா மட்டும்தான் தெரியும். திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று யார் கிட்டே வந்து பார்ப்பார்கள்?

"அடப் பைத்தியக்காரா, அதை எடுத்து உள்ள வைடா" என்றேன்.

"காலி காமிராடா. பிலிம் வெளிய கிடக்கு பாரு."

"உனக்குத் தெரியும். அவங்களுக்கு? பெத்த தாய் சாவுக்கே காமிராவைக் கட்டித் தொங்கவிட்டிருக்கான்னுதான் பேசுவாங்க."

அவன் முகம் வெளிறிப்போனது. நானே கழற்றிக் கொண்டுபோய்ப் புழுத் தட்டுகளுக்கு அடியில் வைத்தேன். ஆனால் பேச்சு அதற்குள் ஊரைச் சுற்றி வந்துவிட்டது. எப்போதுமே அப்படித்தான், ரொட்டி வந்திருக்கிறது என்றால் மத்தியானம்தான் தெரியும், இந்த மாதிரி விஷயம் உடனே தெரிந்துவிடும்.

இருந்தாலும் வந்தார்கள். அந்த அம்மா சொன்னது சரிதான், அவருக்காக வந்தார்கள். ஆட்டு மந்தையிலிருந்து தோலிப் வந்தார். மஹ்கம் அவர்களின் தம்பி வந்தார். கட்சி அலுவலகத்து டிரைவர்கூட வண்டியைத் தூரத்தில் விட்டுவிட்டு நடந்து வந்தான். சந்தூக்கைத் தோள் மாற்றித் தோள் மாற்றி வேகமாகக் கொண்டுபோனார்கள். எங்கள் வழக்கத்தில் தெருவில் எதிர்ப்படுகிறவன் எல்லாம் கொஞ்ச தூரமாவது தோள் கொடுக்க வேண்டும், எல்லோரும் கொடுத்தார்கள். ஒருவரும் துர்தியைப் பார்த்துப் பேசவில்லை.

கபர் மூடியாயிற்று. கஃபூர் மொல்லா, அவர் பஞ்சு மில்லில் காவல்காரர், குந்தி உட்கார்ந்து ஓதினார். ஓதி முடித்துக் கை உயர்த்தினார். துர்தி உயர்த்தினான். எனக்குக் கட்சி அட்டை கிடையாது, நானும் உயர்த்தினேன். திரும்பிப் பார்த்தேன். சட்டை மேலே அங்கி போட்டு நின்ற அத்தனை பேரின் கையும் உள்ளே போயிருந்தது. வெயில் நன்றாக அடித்தது, ஒருவனுக்கும் குளிர்கிற நாள் இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மொல்லா கையை இறக்கவில்லை. வாயைத் திறக்கவும் இல்லை. காத்திருந்தார்.

துர்தி கூட்டத்தைப் பார்த்தான். அவன் முகத்தை எப்படிச் சொல்வது. அம்மாவிடம் ஏந்துவார்கள் என்று சொன்னவன் அல்லவா. மெதுவாக இடுப்புத் துண்டை அவிழ்த்தான். இரண்டாக மடித்துத் தன் கண்ணைச் சுற்றிக் கட்டிப் பின்னந்தலையில் முடிச்சுப் போட்டான். ஊருக்கு முதுகைக் காட்டி, கபரைப் பார்த்து மண்டி போட்டான்.

"நான் பார்க்கல. எனக்காக இல்ல, அவங்களுக்காக. நான் பார்க்க மாட்டேன்" என்றான்.

யாரும் அசையவில்லை. அப்புறம் தோலிப் ஒரு தடவை மூக்கை உறிஞ்சினார். அந்த முரட்டுக் கைகள் அங்கிக்குள்ளிருந்து வெளியே வந்து மேலே போயின. அடுத்து மஹ்கம் அவர்களின் தம்பி. அடுத்து டிரைவர். பிறகு யார் முதல், யார் பிறகு என்று சொல்ல முடியாது. கபர்ஸ்தான் முழுக்கக் கைகள். சத்தம்தான் இல்லை. ஆமீன் சொன்னால் குரலை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடுவான் என்ற பயம் இன்னும் இருந்தது. உதடு மட்டும் அசைந்தது. மொல்லா துஆவை முடித்தார். எல்லோரும் சத்தமில்லாமல் முகத்தைத் தடவிக்கொண்டார்கள், கைகளை உள்ளே இழுத்துக்கொண்டார்கள், கலைந்து போனார்கள். நான் போய் அவன் முடிச்சை அவிழ்த்தேன். அவன் திரும்பிப் பார்த்தபோது வாசலைத் தாண்டிப் போகும் முதுகுகள்தான் தெரிந்தன.

"ஏந்தினாங்களா?" என்று கேட்டான்.

"எல்லாரும்டா. ஒருத்தர் பாக்கி இல்லாம."

என்னையே பார்த்தான். "சத்தமே கேக்கலயே" என்றான்.

அடுத்த வாரம் ஹைதரோவ் கூப்பிட்டார். துர்தி தானாகவே, ஆமாம், கை ஏந்தினேன் என்றான். வேறு யாரெல்லாம் என்று அவர் கேட்டார். கண்ணைக் கட்டியிருந்தேன், பார்க்கவில்லை என்றான். அது பொய்யும் இல்லை. அவனைப் பத்திரிகையை விட்டு நிறுத்தினார்கள், அட்டையும் போனது. சந்தைக்குப் பக்கத்தில் பாஸ்போர்ட் படம் எடுத்துப் பிழைத்தான். அந்தப் படத்தில் கை வராது, தோளுக்கு மேலேதான்.

இங்கேயே முடிந்திருந்தால் நான் இவ்வளவு நீட்டியிருக்க மாட்டேன். துர்தி ஒவ்வொருவராகப் போய்க் கேட்க ஆரம்பித்தான். வாசலில் நின்று, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, "அன்னைக்கு எங்கம்மாவுக்குக் கை ஏந்தினீங்களா?" என்று கேட்டான். கேட்டது யார்? துர்தி. எவன் ஆமாம் என்பான்? "இல்லப்பா, நான் ஓரமாதான் நின்னேன்" என்றார் மஹ்கம் அவர்களின் தம்பி. "எனக்கு அன்னைக்குக் கைவலி" என்றான் டிரைவர். என் கண்ணால் பார்த்தவர்கள், வரிசையாக இல்லை என்றார்கள். நான் போய் ஒவ்வொருவரிடமும் சண்டை போட்டேன். தெருவில் நின்று கத்தினேன். "உனக்கென்னப்பா, அட்டையா குட்டையா" என்று கதவைச் சாத்தினார்கள்.

அப்புறம் அட்டைக்கே மதிப்பில்லாத காலம் வந்தது. யூனியன் போயிற்று, ஹைதரோவ் போனார், பூட்டியிருந்த பள்ளிவாசலைத் திறந்தார்கள். சொற்பொழிவாளர்களில் ஒருவர் ஹஜ்ஜுக்கே போய்வந்து விருந்து வைத்தார், எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. துர்தி மறுபடியும் கேட்கப் போனான். இப்போது சிலர் ஆமாம் என்றார்கள். சந்தோஷமாக வருவான் என்று பார்த்தால், இல்லை.

"இப்ப யாரைக் கேட்டாலும் தொழுதேன், ஓதினேன்னுதான் சொல்றாங்க. எல்லாருமே அந்தக் காலத்துல மறைவா நோன்பு வெச்சவங்களாம். இதை எப்படி நம்பறது?"

"நான் பார்த்தேன்டா. என்னை நம்பு."

"நீ என் மனசு ஆறட்டும்னு சொல்றே." பிறகு, "ஒரு படம் இருந்தா தெரிஞ்சிருக்கும்" என்றான்.

அதைக் கேட்டபோது அவனை அடிக்கலாம்போல இருந்தது. கூடவே அழுகையும் வந்தது.

ஒரே ஒருத்தர் சொன்னால் நம்புவேன் என்றான். தோலிப். அவர் வாயில் பொய் வராது, ஆறுதலும் வராது. ஆனால் அவர் ஒருவர்தான் இவனோடு பேச்சே வைத்துக்கொள்ளவில்லை. எதிரே வந்தால் வேறு தெருவில் திரும்பிவிடுவார்.

போன பனிக்காலத்துக்கு முந்தின பனிக்காலத்தில் துர்தி படுத்துவிட்டான். சிறுநீரகம். நாளைக்கோ மறுநாளோ என்று அவன் மகள் சொல்லியனுப்பினாள். நான் நேரே தோலிப் வீட்டுக்குப் போனேன். எண்பதைத் தாண்டிய மனுஷர், கோலை ஊன்றிக்கொண்டு நடக்கிறார்.

"அண்ணே, உங்க கோபம் எனக்குத் தெரியும். அவனை மன்னிக்கச் சொல்லல. நடந்ததைச் சொல்லுங்க, அது போதும். முதல்ல மேல வந்தது உங்க கைதானே?"

"ஆமா" என்றார் என்னிடம். "என் கைதான். மஸ்தூரா அக்கா என் தங்கச்சிக்குத் தச்சுக் குடுத்தாங்க, ஏந்தாம இருப்பேனா? கோபமெல்லாம் எப்பவோ போச்சு. வா, சொல்லிட்டு வரலாம்."

வழியெல்லாம் அவர் கோல் சேற்றில் புதைந்தது. வீட்டுக்குள் போய்க் கட்டில் பக்கத்தில் உட்கார வைத்தேன். துர்தி கண்ணைத் திறந்தான். அவரை அடையாளம் கண்டுகொண்டதும் எழுந்திருக்கப் பார்த்தான். முடியவில்லை.

"தோலிப் அண்ணே" என்றான். "அன்னைக்கு... எங்கம்மாவுக்கு... நீங்க கை ஏந்தினீங்களா?"

தோலிப் அவனைப் பார்த்தார். அவர் முழங்கால்மேல் கிடந்த கைகள் மெல்ல நகர்ந்து அங்கிக்குள் போவதை நான் பார்த்தேன்.

"இல்ல" என்றார். "நான் ஏந்தல."

துர்தி கண்ணை மூடிக்கொண்டான். தோலிப் எழுந்து வெளியே நடந்தார். நான் பின்னாலேயே ஓடி வாசலில் அவர் தோளைப் பிடித்துத் திருப்பினேன். என்ன மனுஷர் நீங்கள் என்று கேட்க வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் கேட்க முடியவில்லை. கிழவருக்குக் கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"சொல்லணும்னுதான் வந்தேன். அவன் கேட்டதும் வாய் தானா இல்லன்னுடுச்சு."

"திரும்பப் போய்ச் சொல்லுங்கண்ணே. உயிர் இருக்கு இன்னும்."

உள்ளே போனோம். துர்தி அவரையே பார்த்துக்கொண்டு கிடந்தான், மறுபடி அதைக் கேட்கவில்லை. தோலிப் உதட்டைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். ரொம்ப நேரம் அப்படியே நின்றார். சத்தம் வரவில்லை.